கல்லூரி மகளிர் கால்பந்து அணியில் ப்ரீசீசன் முதல் நாள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

அமெரிக்கக் கல்லூரி ஒன்றின் மகளிர் கால்பந்து அணியில் முதலாண்டு மாணவியாகச் சேரவிருக்கும் பெண்களுக்காகவும், அவர்களை விடுதி வாசலில் இறக்கிவிட்டு வெறும் காரோடு வீடு திரும்பப்போகும் பெற்றோருக்காகவும் இந்தப் பக்கத்தை எழுதியிருக்கிறேன். என் மகள், கல்லூரி அணிகளின் மூன்று பிரிவுகளில் உயர்ந்ததான முதல் பிரிவின் அணி ஒன்றில் நான்கு ஆண்டுகள் நடுக்கள வீராங்கனையாக ஆடினாள். அந்த நான்கு ஆகஸ்டுகளில் நான் தெரிந்துகொண்டவையும், அதன்பிறகு தெரிந்த குடும்பங்கள் தொலைபேசியில் என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்டவையுமே இங்கே உள்ளன.

ப்ரீசீசன் என்பது எது? அது எப்போது தொடங்குகிறது?

கல்லூரி மகளிர் கால்பந்தின் போட்டிக் காலம் ஆகஸ்ட் நடுவில் தொடங்கி நவம்பரில் முடிகிறது. தேசியப் போட்டிக்குத் தகுதி பெறும் 64 அணிகளில் கடைசிவரை நிற்பவை மட்டும் டிசம்பர் தொடக்கம்வரை ஆடும். அந்தப் போட்டிக் காலத்துக்கு முன்னால், வகுப்புகள் திறப்பதற்கும் முன்னால், அணி முழுவதும் கல்லூரியில் கூடிப் பயிற்சி செய்யும் நாட்களையே ப்ரீசீசன் என்கிறார்கள். என்சிஏஏ எனப்படும் தேசியக் கல்லூரி விளையாட்டுச் சங்கத்தின் முதல் பிரிவு அணிகளுக்கு இது பெரும்பாலும் ஜூலை முடிந்து ஆகஸ்ட் பிறக்கும் தறுவாயில் தொடங்கும். இரண்டாம், மூன்றாம் பிரிவு அணிகளுக்குச் சற்றுப் பிந்தும்.

இதில் மனத்தில் பதிய வேண்டியது அதன் குறுகிய நீளம்தான். 2024-ஆம் ஆண்டில் முதல் பிரிவு அணிகள் தங்கள் முதல் ஆட்டத்தை ஆகஸ்ட் 15 அன்றே ஆடத் தொடங்கின. அதாவது கூடிய நாளிலிருந்து ஏறக்குறைய இரண்டே வாரம். ஐரோப்பியத் தொழில்முறை கிளப்புகள் ஐந்தாறு வாரம் எடுத்து ஓட்டத்தையும் ஆட்டத்தையும் படிப்படியாகக் கூட்டுவார்கள். இங்கே அதற்கு இடமில்லை. முதல் நாளில் உங்களுக்கு விசித்திரமாகவோ கடுமையாகவோ தோன்றப்போகும் பெரும்பாலானவை இந்த இரண்டு வாரக் கணக்கிலிருந்தே பிறக்கின்றன.

முதல் நாளில் என்னென்ன நடக்கும்?

பெண்கள் எதிர்பார்ப்பதைவிடக் குறைவான கால்பந்தும், மிக அதிகமான காகிதமும் இருக்கும். காலை ஆறரைக்கு உணவு. ஏழு மணிக்கு மருத்துவப் பரிசோதனையின் மிச்சம் மீதி. எட்டு மணிக்குக் கூட்ட அறையில் விதிமுறை அலுவலர் ஒருவர் ஒரு மணி நேரம் பேசுவார். பிறகு உடைகள் வழங்கப்படும், புகைப்படம் எடுக்கப்படும், மாலையில் வெயில் இறங்கிய பின் உடல்திறன் தேர்வும் முதல் பந்துப் பயிற்சியும் நடக்கும். சில அணிகள் இந்த வரிசையைத் தலைகீழாக்கி, விடியற்காலையிலேயே ஓட்டத் தேர்வை முடித்துவிடும்.

விதிமுறைக் கூட்டத்தைத் தூங்கி வழிய வேண்டிய நேரமாகப் பலர் எண்ணுகிறார்கள். அங்கேதான் ஊக்கமருந்துச் சோதனைக்கான ஒப்புதல் படிவத்தில் கையெழுத்திட வேண்டும். எந்த விளையாட்டின்மீதும் பந்தயம் கட்டக்கூடாது என்பதையும், கடையில் வாங்கும் சத்துப் பொடியில் தடைசெய்யப்பட்ட பொருள் கலந்திருந்தால் அதற்கு மாணவியே பொறுப்பு என்பதையும் அங்கேதான் சொல்வார்கள். வீட்டிலிருந்து எடுத்துச்செல்லும் லேகியம், சூரணம், மூலிகைப் பொடி ஆகியவற்றுக்கும் இது பொருந்தும். என்ன கலந்திருக்கிறது என்று உறையில் எழுதப்படாத எதையும் மகளின் பெட்டியில் வைக்காதீர்கள்.

மருத்துவப் பரிசோதனையில் எவற்றைப் பார்க்கிறார்கள்?

அணியில் முதன்முறையாகச் சேருபவர் பயிற்சியில் கால் வைப்பதற்கு முந்தைய ஆறு மாதங்களுக்குள் மருத்துவர் ஒருவர் அவரை முழுமையாகப் பரிசோதித்திருக்க வேண்டும். குடும்பத்தில் இளவயது மாரடைப்போ திடீர் மரணமோ உண்டா, ஓடும்போது மயங்கி விழுந்ததுண்டா என்ற கேள்விகள் படிவத்தில் இருக்கும். மகளை அணியில் எடுக்காமல் விட்டுவிடுவார்களோ என்று பயந்து இவற்றுக்கு ‘இல்லை’ என்று எழுதும் பெற்றோரை நான் பார்த்திருக்கிறேன். அப்படி எழுதுவது தவறு, ஆபத்தும்கூட.

அரிவாள் அணு இரத்தப் பண்பு பற்றிய கேள்வியும் உண்டு. பெற்றோரில் ஒருவரிடமிருந்து மட்டும் இந்த மரபணுவைப் பெற்றவர்களுக்கு அன்றாட வாழ்வில் எந்தத் தொல்லையும் தெரிவதில்லை. ஆனால் கடும் வெயிலில் இடைவிடாமல் உச்ச வேகத்தில் ஓடும்போது அவர்களது தசைகள் சிதையும் அபாயம் இருக்கிறது. எனவே முதல் பிரிவுக் கல்லூரிகள் 2010 முதல் ஒவ்வொரு மாணவியின் நிலையையும் அறிந்திருக்க வேண்டும் என்பது விதி. அமெரிக்காவில் பிறந்தவர்களுக்குப் பிறந்தவுடன் எடுத்த இரத்தச் சோதனையின் முடிவே போதும். இந்தியாவில் பிறந்தவர்கள் தனியாகச் சோதனை செய்துகொள்ள வேண்டியிருக்கும். இந்தியாவில் இது இல்லாத நோய் அல்ல. நீலகிரிப் பழங்குடிகளிடையே காணப்படுவது நெடுங்காலமாகத் தெரிந்ததே. பண்பு இருப்பதாகத் தெரிந்தால் ஆடத் தடையில்லை. ஓட்டங்களுக்கு இடையே ஓய்வைக் கூட்டி, தண்ணீரைக் கவனித்துக்கொள்வார்கள்.

கணினி முன் உட்கார்த்தி நினைவாற்றலையும் கை அழுத்தும் வேகத்தையும் அளக்கும் இன்னொரு சோதனையும் உண்டு. இடையில் எப்போதாவது தலையில் அடிபட்டால், அன்றைய மதிப்பெண்ணை முதல் நாள் மதிப்பெண்ணோடு ஒப்பிட்டே மூளை அதிர்ச்சியின் அளவைத் தீர்மானிப்பார்கள். அடிபட்ட பின் எளிதில் ஆடத் திரும்பலாம் என்று எண்ணி, முதல் நாளில் வேண்டுமென்றே மந்தமாகப் பதிலளிக்கும் பெண்கள் எல்லா அணியிலும் ஓரிருவர் இருப்பார்கள். அந்தத் தந்திரத்தை மென்பொருள் பெரும்பாலும் கண்டுபிடித்துவிடும். கண்டுபிடிக்காமல் விட்டால் நிலைமை அதைவிட மோசம்.

உடல்திறன் தேர்வு எப்படிப்பட்டது?

எல்லோரும் பயப்படும் கேள்வி இதுதான். அணிக்கு அணி தேர்வு மாறும். பரவலாக உள்ளவை நான்கு.

பீப் டெஸ்ட் என்பது 20 மீட்டர் இடைவெளியில் வரைந்த இரண்டு கோடுகளுக்கு இடையே, ஒலிபெருக்கியில் வரும் ‘பீப்’ ஓசைக்கு ஏற்ப ஓடித் திரும்புவது. மணிக்கு 8.5 கிலோமீட்டர் வேகத்தில், மெல்லோட்டமாகத் தொடங்கி, ஒவ்வொரு நிமிடமும் அரை கிலோமீட்டர் கூடிக்கொண்டே போகும். யோ-யோ தேர்வும் அதே 20 மீட்டர்தான். ஆனால் போய்த் திரும்பிய ஒவ்வொரு 40 மீட்டருக்கும் பிறகு 10 விநாடி மெல்ல நடக்க அனுமதி உண்டு. கால்பந்தில் ஓட்டமும் நிற்றலும் மாறி மாறி வருவதால், டென்மார்க்கின் யென்ஸ் பேங்ஸ்போ உருவாக்கிய இந்த இரண்டாவது முறையே ஆட்டத்துக்கு நெருக்கமானது. இரண்டாம் முறை கோட்டைத் தவறவிட்டால் தேர்வு அத்துடன் முடிந்தது.

மூன்றாவது கூப்பர் தேர்வு. 12 நிமிடத்தில் எவ்வளவு தூரம் ஓடுகிறீர்கள் என்பதே கணக்கு. அமெரிக்க விமானப் படை மருத்துவர் கென்னத் கூப்பர் 1968-இல் வெளியிட்டது. பழையது, எளியது, இன்னும் சில பயிற்சியாளர்களுக்குப் பிரியமானது.

நான்காவதை ‘ஒன்-ட்வென்டீஸ்’ என்பார்கள். மைதானத்தின் ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு 120 கெஜத்தை 18 விநாடிக்குள் ஓட வேண்டும். 30 விநாடியில் மெல்ல ஓடித் திரும்ப வேண்டும். 30 விநாடி ஓய்வு. இப்படிப் பத்து முறை. மொத்தமே 13 நிமிடம்தான் என்று கேட்டால் சுலபமாகத் தோன்றும். 120 கெஜம் என்பது ஏறத்தாழ 110 மீட்டர். அதை 18 விநாடியில் கடப்பது மணிக்கு 22 கிலோமீட்டர் வேகம். முதல் நான்கு ஓட்டங்களில் சிரித்துக்கொண்டே வந்தவர்கள் ஏழாவதில் இடுப்பைப் பிடித்துக் குனிந்து நிற்பார்கள்.

என் மகளின் முதல் ஆண்டுத் தேர்வு பீப் டெஸ்ட். ஒவ்வொரு திருப்பத்திலும் அவள் வலது காலையே ஊன்றித் திரும்பியிருக்கிறாள், பழக்கம் அப்படி. முப்பது திருப்பங்களுக்குப் பிறகு வலது தொடையின் வெளிப்புறம் இறுகிக்கொண்டது, ஷூவுக்குள் பெருவிரலின் ஓரத்தில் கொப்புளம் கிளம்பியது. பக்கத்துத் தடத்தில் ஓடிய நான்காம் ஆண்டுப் பெண் மூச்சு வாங்கிக்கொண்டே “காலை மாற்றித் திரும்பு” என்று இரண்டு முறை சொன்னாளாம். மூன்றாவது முறை சொல்ல அவளுக்கே மூச்சில்லை. பெற்றோர் கேட்கும் எந்தக் கேள்விக்கும் அந்தப் பதில் வராது. ஆனாலும் வீட்டில் பயிற்சி செய்யும்போதே இரு காலாலும் திரும்பப் பழகுங்கள்.

தேர்வில் தோற்றால் அணியிலிருந்து நீக்கிவிடுவார்களா?

பெரும்பாலும் இல்லை. இரண்டு மூன்று நாள் கழித்து மறுதேர்வு வைப்பார்கள். தேறும்வரை சில அணிகள் ஆட்டங்களில் இறக்குவதில்லை. சில அணிகளில் தேறாதவர்கள் விடியற்காலையில் தனியாகக் கூடுதல் ஓட்டம் ஓட வேண்டும். உண்மையான இழப்பு வேறு. மற்றவர்கள் ஆட்ட உத்திகளைக் கற்கும் முதல் மூன்று நாட்களில் உங்கள் மகள் மறுதேர்வை நினைத்துக்கொண்டிருப்பாள். இரண்டு வாரத்தில் மூன்று நாள் என்பது ஐந்தில் ஒரு பங்கு.

முதல் நாளிலேயே எல்லோரையும் களைப்பின் எல்லைவரை ஓடவிடுவது அறிவுடைய செயலா என்பது பயிற்சியாளர்களிடையேயே தீராத வாதம். என் கருத்து, அல்ல என்பதே. விமானத்தில் வந்து, புதுக் கட்டிலில் தூக்கம் கெட்டு, பழகாத வெயிலில் நிற்கும் பெண்ணின் தொடைத் தசையைக் கிழிக்க இதைவிடப் பொருத்தமான நாள் கிடைக்காது. ஆனால் பயிற்சியாளரின் இடத்தில் நின்று பார்த்தால் அவர் கேட்பதும் புரிகிறது: கோடை முழுவதும் யார் ஓடினார்கள், யார் ஓடியதாகச் சொன்னார்கள் என்பதை அறிய அவருக்கு வேறு நாள் இல்லை. அன்று அளக்கப்படுவது அன்றைய மனவுறுதி அல்ல. ஜூன், ஜூலை மாதங்களில் நடந்ததுதான் ஆகஸ்டில் எண்ணாக எழுதப்படுகிறது.

அப்படியானால் கோடையில் எப்படித் தயாராக வேண்டும்?

மே மாதக் கடைசியில் அணியின் உடற்பயிற்சியாளர் எட்டு முதல் பத்து வாரத்துக்கான அட்டவணை ஒன்றை அனுப்புவார். அதைத் தொடக்கத்திலிருந்தே பின்பற்றுவதுதான் வழி. ஜூலை நடுவில் விழித்துக்கொண்டு நான்கு வார வேலையை ஒரே வாரத்தில் முடிக்க முயல்பவர்களே முழங்காலுக்குக் கீழே முன்னெலும்பு வலியோடு வந்து சேருகிறார்கள். வாரத்துக்கு இரண்டு முறையாவது தேர்வு நடக்கும் தரையிலேயே, அதே காலணியில் ஓடுங்கள். செயற்கைப் புல்லில் திரும்புவதும் தார்ச்சாலையில் நேராக ஓடுவதும் ஒன்றல்ல. கடைசி வாரத்தில் ஓட்டத்தைக் குறைத்துவிடுங்கள்.

வெயில் அவ்வளவு கடுமையாக இருக்குமா?

டெக்சஸ், புளோரிடா, கரோலினா மாநிலங்களில் ஆகஸ்ட் மாலை ஐந்து மணி என்பது சென்னையின் மே மாதத்துக்குப் பெரிதும் இளைத்ததல்ல. காற்றில் ஈரமும் சேர்ந்துகொள்ளும். நம் ஊரில் வளர்ந்தவள்தானே, வெயில் தாங்குவாள் என்ற நம்பிக்கையை விட்டுவிடுங்கள். வெயிலுக்கு உடல் பழக 10 முதல் 14 நாட்கள் ஆகும். குளிரூட்டிய அறையில் சில வாரம் இருந்தாலே அந்தப் பழக்கம் கரைந்துவிடும். இதையும் முதல் ஆட்டத்துக்குள்ள இரண்டு வாரத்தையும் சேர்த்துப் பார்த்தால், உடல் வெயிலுக்குப் பழகி முடிக்கும் நாளும் போட்டி தொடங்கும் நாளும் ஏறக்குறைய ஒன்றாகிவிடுவது தெரியும்.

மைதான ஓரத்தில் முக்காலியின்மேல் கறுப்புக் குமிழ் பொருத்திய சிறிய கருவியைக் காண்பீர்கள். வெறும் வெப்பநிலையை மட்டும் பார்க்காமல், ஈரப்பதம், நேரடி வெயில், காற்று ஆகியவற்றையும் சேர்த்து ஒரே எண்ணாக அது தரும். அந்த எண்ணில் ஈரப்பதத்தைக் காட்டும் ஈரக்குமிழ் அளவுக்குத்தான் பத்தில் ஏழு பங்கு எடை. எண் குறிப்பிட்ட அளவைத் தாண்டினால் ஓய்வு இடைவேளைகள் கூடும். மேலும் ஏறினால் பயிற்சியே நிறுத்தப்படும். அந்த முடிவை எடுப்பவர் அத்லெட்டிக் டிரெய்னர் எனப்படும் காயப் பராமரிப்பு வல்லுநர். பயிற்சியாளர் அதை மீற முடியாது.

அதே ஓரத்தில் பனிக்கட்டி நிரப்பிய பெரிய தொட்டி ஒன்றும் இருக்கும். குளியலுக்கு அல்ல. ஓடும் பெண்ணின் பேச்சு குழறி, நடை தள்ளாடி, உள்ளுடல் வெப்பம் 40 டிகிரி செல்சியசைத் தாண்டினால், ஆம்புலன்சுக்குக் காத்திராமல் அந்த இடத்திலேயே கழுத்துவரை தொட்டியில் அமிழ்த்துவார்கள். முதலில் குளிர்விப்பு, பிறகுதான் மருத்துவமனை. வெப்ப வாதத்தில் உயிர் காப்பது இந்த வரிசைதான். தொட்டி எங்கே என்று மகளிடம் கேட்டுத் தெரிந்துகொள்வதில் தவறில்லை.

பயிற்சிக்கு முன்னும் பின்னும் எடை பார்ப்பது தண்ணீர்க் கணக்குக்காக. ஒரு கிலோ குறைந்திருந்தால் அது பெரும்பாலும் வியர்வைதான். அடுத்த சில மணி நேரத்தில் ஒன்றேகால் முதல் ஒன்றரை லிட்டர்வரை குடித்து ஈடுசெய்ய வேண்டும். எடையைக் கண்டு மனம் நொந்துகொள்ளும் பெண்கள், எண்ணைத் தங்களுக்குக் காட்டாமல் குறித்துக்கொள்ளுமாறு கேட்கலாம்.

பந்தைத் தொடுவது எப்போது?

அன்று மாலையே. முதலில் ஏறத்தாழ 20 நிமிடம் காயத் தடுப்புக்கான உடற்சூடேற்றம் நடக்கும். ஃபிஃபாவின் மருத்துவக் குழு வகுத்த ‘11+’ முறையையோ அதைத் தழுவிய ஒன்றையோ பல அணிகள் பின்பற்றுகின்றன: மெல்லோட்டம், பிறகு ஒற்றைக்காலில் சமநிலை, தொடையின் பின்தசைக்கான நார்டிக் பயிற்சி, குதித்து இறங்குதல், இறுதியாக வேக ஓட்டம். குதித்து இறங்கும்போது முழங்கால்கள் உட்புறம் மடிந்து ஒன்றையொன்று நெருங்குகின்றனவா என்பதைப் பக்கத்தில் குனிந்து நின்று பார்ப்பார்கள். முழங்காலின் முன் சிலுவைத் தசைநார் கிழிவது ஆண்களைவிடப் பெண் ஆட்டக்காரர்களுக்கு இரண்டு மூன்று மடங்கு அதிகம். ஒருமுறை கிழிந்தால் அந்த ஆண்டு போனது. ஆகவே சலிப்பூட்டும் இந்த 20 நிமிடத்தை ஏனோதானோ என்று செய்பவளைப் பயிற்சியாளருக்கு முதல் நாளே பிடிக்காமல் போய்விடும்.

அதன்பின் வட்டத்தில் ஐந்து பேர் நின்று, நடுவில் இருவர் பந்தைப் பறிக்க முயலும் ரோண்டோ. பிறகு சிறிய மைதானத்தில் நான்குக்கு நான்கு. புதியவர்கள் திகைப்பது இங்கேதான். பள்ளி அணியில் பந்தைப் பெற்று, நிமிர்ந்து பார்த்து, பிறகு கொடுக்க நேரம் இருந்தது. இங்கே 22 வயதுப் பெண்ணின் தோள், பந்து வருவதற்கு முன்பே உங்கள் மகளின் விலா எலும்பில் இருக்கும்.

சில அணிகளில் ஒவ்வொரு குட்டி ஆட்டத்தின் வெற்றி தோல்வியும் பெயர்வாரியாக ஏட்டில் ஏறும். வட கரோலினாப் பல்கலைக்கழகத்தில் 1979 முதல் 2024 வரை பயிற்சியாளராக இருந்த ஆன்சன் டோரன்ஸ் பரப்பிய முறை இது. பயிற்சியில் நடக்கும் அனைத்தையும் எண்ணி, தரவரிசையாக்கி, சுவரில் ஒட்டிவிடுவார். அவர் காலத்தில் அந்த அணி என்சிஏஏ பட்டத்தை 21 முறை வென்றது. மகளிருக்கான முதல் பட்டப்போட்டி நடந்த 1982-ஆம் ஆண்டின் பட்டமும் அதில் அடக்கம். அந்தப் பட்டியலில் முதல் வாரம் கடைசியில் இருப்பது முதலாண்டுப் பெண்களுக்கு இயல்பே. பட்டியலை வீட்டுக்கு அனுப்பச் சொல்லிக் கேட்காதீர்கள்.

முதுகில் மாட்டும் கறுப்பு உடுப்பு எதற்கு?

தோள்பட்டைகளுக்கு நடுவே தீப்பெட்டியைவிடச் சற்றுப் பெரிய ஜிபிஎஸ் கருவி ஒன்றை வைத்திருக்கும் உள்ளாடை அது. ஓடிய தூரம், வேக ஓட்டங்கள், திடீர் நிறுத்தங்கள் எல்லாம் பதிவாகும். பெண்கள் ஒரு முழு ஆட்டத்தில் 10 கிலோமீட்டர் அளவுக்கு ஓடுகிறார்கள். பயிற்சியில் அதைத் தொடர்ந்து மீறாதபடி பார்த்துக்கொள்ள இது உதவுகிறது.

என்னென்ன எடுத்துச்செல்ல வேண்டும்?

உடைகளைக் கல்லூரியே தரும். பழகிய பூட்ஸ் இரண்டு இணை வேண்டும். ஒன்று இயற்கைப் புல்லுக்கு, மற்றொன்று செயற்கைப் புல்லுக்கு. புதிதாக வாங்கிய பூட்சை முதல் நாளில் போடவே கூடாது. முழங்கால் கீழ்க் காப்பு, வெயில் களிம்பு, நிறையக் காலுறைகள், கொப்புளத்துக்கான பிளாஸ்திரி.

உடை அறையில் ஒவ்வொருவருக்கும் எண் எழுதிய ஒரு நாடா வளையம் தருவார்கள். பயிற்சி முடிந்ததும் வியர்வையில் ஊறிய சட்டை, காலுறை, உள்ளுடை அனைத்தையும் அந்த வளையத்தில் கோத்துப் பூட்டிக் கூடையில் போட்டுவிட வேண்டும். அப்படியே சலவை இயந்திரத்துக்குப் போய், மறுநாள் காலை கோத்தபடியே மடிப்பில்லாமல், லேசான ஈரத்தோடு திரும்பி வரும். கோக்க மறந்த காலுறை திரும்புவதில்லை. என் மகள் முதல் வாரத்தில் நான்கு ஒற்றைக் காலுறைகளுக்குச் சொந்தக்காரியானாள்.

சைவ உணவு மட்டும் உண்பவர்கள் சமாளிக்க முடியுமா?

முடியும். ஆனால் முன்கூட்டியே சொல்ல வேண்டும். ப்ரீசீசனில் வகுப்பு இல்லாததால் விடுதிச் சமையற்கூடம் முழுமையாக இயங்காமல் இருக்கலாம். மூன்று வேளையும் அணிக்கென்று ஒரே உணவு வரவழைப்பார்கள். அத்லெட்டிக் டிரெய்னருக்கோ உணவியல் வல்லுநருக்கோ ஜூலையிலேயே எழுதினால் பருப்பு, பன்னீர், டோஃபு என்று ஏதேனும் சேர்ப்பார்கள். கடைசி நேரத்தில் சொன்னால் இலைக்கறியும் ரொட்டியும்தான்.

மாதவிடாய் உள்ள, இறைச்சி உண்ணாத, வெயிலில் ஓடும் பெண்ணுக்கு இரும்புச் சத்துக் குறைவது மிகச் சாதாரணம். ஹீமோகுளோபின் சரியாக இருந்தும் சேமிப்பான ஃபெரிட்டின் தாழ்ந்திருக்கக்கூடும். எனவே இரண்டையும் ஜூனிலேயே சோதித்துக்கொள்ளுங்கள். கடலை, பருப்பு, கீரையோடு எலுமிச்சை போன்ற புளிப்பான பழத்தைச் சேர்ப்பதும், உணவோடு காபி, தேநீர் குடிக்காமல் ஒரு மணி நேரம் தள்ளிப்போடுவதும் உதவும்.

மாதவிடாய் பற்றிய கேள்வி மருத்துவப் படிவத்தில் இருப்பதைப் பார்த்துச் சில தாய்மார்கள் சங்கடப்படுகிறார்கள். அதைக் கேட்காத அணியைப் பற்றித்தான் கவலைப்பட வேண்டும். செலவாகும் ஆற்றலுக்கு ஏற்ற உணவு கிடைக்காதபோது முதலில் நிற்பது மாதவிடாய். பின்னால் எலும்பில் விரிசல் வரும். சர்வதேச ஒலிம்பிக் குழு 2014-இல் இந்நிலைக்குத் தனிப் பெயரிட்டு விளக்கியது. மூன்று மாதம் வராமலிருந்தால், பயிற்சி செய்பவளுக்கு அது இயல்புதான் என்று யார் சொன்னாலும் நம்பாமல் மருத்துவரிடம் சொல்ல வேண்டும்.

அணியில் எத்தனை பேர் இருப்பார்கள்? அனைவருக்கும் ஆட வாய்ப்புக் கிடைக்குமா?

கல்லூரி ஆட்டக்காரர்களுக்குப் பணம் தருவது தொடர்பான ஹவுஸ் வழக்கில் 2025 ஜூனில் நீதிமன்றம் ஏற்ற தீர்வுக்குப் பின், அதில் சேர்ந்த முதல் பிரிவுக் கல்லூரிகள் மகளிர் கால்பந்தில் 28 பேரை மட்டுமே வைத்திருக்கலாம். முன்பு 14 முழு உதவித்தொகைகளைப் பலருக்கும் பிரித்துக் கொடுத்தார்கள். இப்போது அந்த உச்சவரம்பு இல்லை, தலைக்கணக்கே வரம்பு. அழைப்பின்றித் தாங்களாக வந்து சேர முயல்பவர்களுக்கு இதனால் கதவு குறுகிவிட்டது. மூன்றாம் பிரிவுக் கல்லூரிகள் விளையாட்டுக்கென உதவித்தொகை தருவதில்லை.

28 பேரில் களத்தில் இறங்குவோர் 11. கல்லூரி ஆட்டத்தில் மாற்று ஆட்டக்காரர் விதி தளர்வானது. முதல் பாதியில் வெளியேறியவர் அந்தப் பாதியில் திரும்ப முடியாது, இரண்டாம் பாதியில் ஒருமுறை திரும்பலாம். ஆகவே 16, 17 பேர் ஆடுவது வழக்கம். மற்றவர்கள் பெஞ்சில்.

மூத்த மாணவிகள் தொல்லை கொடுப்பார்களா?

கோல் கம்பங்களைத் தூக்குவதும் பந்துகளைப் பொறுக்கிப் பையில் போடுவதும் முதலாண்டுப் பெண்களின் வேலை என்பது பல அணிகளில் எழுதப்படாத வழக்கம். அதில் கெடுதல் இல்லை. குடிக்கச் சொல்வது, அவமானப்படுத்துவது, தூங்கவிடாமல் செய்வது ஆகியவை குற்றம். 2024 டிசம்பரில் கையெழுத்தான கூட்டாட்சிச் சட்டப்படி கல்லூரிகள் இத்தகைய நிகழ்வுகளைக் கணக்கிட்டு வெளியிட வேண்டும்.

இந்தியாவிலிருந்தோ இலங்கையிலிருந்தோ நேரடியாக வருபவர்கள் எதைக் கவனிக்க வேண்டும்?

எஃப்-1 எனப்படும் மாணவர் விசாவில் வருபவர், கல்லூரி தரும் ஐ-20 படிவத்தில் உள்ள தொடக்கத் தேதிக்கு 30 நாட்களுக்கு முன்னதாக அமெரிக்காவுக்குள் நுழைய முடியாது. படிவத்தில் ஆகஸ்ட் 25 என்றிருந்தால் ஜூலை 26 முதல் வரலாம். ப்ரீசீசன் அதற்கு முன்பே தொடங்கினால் சிக்கல். எனவே மே மாதமே வெளிநாட்டு மாணவர் அலுவலகத்துக்கு எழுதுங்கள். என்சிஏஏ தகுதி மையத்தின் ஒப்புதலுக்குப் பள்ளிச் சான்றிதழ்களும், இதற்கு முன் ஆடிய கிளப்புகளின் விவரமும் வேண்டும். ஒன்பதரை மணி நேரமோ அதற்கு மேலோ உள்ள கால வேறுபாட்டைக் கடந்து வருபவர் குறைந்தது நான்கைந்து நாள் முன்னதாக வந்துவிட்டால் தேர்வு நாளில் தூக்கமாவது கைகொடுக்கும்.

நாங்கள் பயிற்சியைப் பார்க்கலாமா? பயிற்சியாளரிடம் பேசலாமா?

பெரும்பாலான அணிகளில் பயிற்சி பார்வையாளருக்குத் திறந்திருக்காது. பேசுவதைப் பொறுத்தவரை, கல்லூரியில் சேர்ந்த மாணவியின் கல்விப் பதிவுகள்மீதான உரிமை 1974-ஆம் ஆண்டுச் சட்டப்படி அவளுடையதே. பதினெட்டு வயதான பின் மருத்துவத் தகவலும் அவள் அனுமதித்தால்தான் உங்களுக்கு வரும். பள்ளிக் காலத்தில் பயிற்சியாளரை அழைத்து ‘ஏன் என் பெண்ணை இறக்கவில்லை’ என்று கேட்டவர்கள் இங்கே அதை மறந்துவிட வேண்டும். காயம் தொடர்பாக உங்களிடம் பேசலாம் என்ற ஒப்புதல் படிவத்தில் மகள் முதல் நாளே கையெழுத்திட்டுவிட்டால் பின்னால் அலைச்சல் குறையும்.

முதல் நாள் இரவு மகள் அழைத்து அழுதால் என்ன செய்வது?

அழுவாள். என் மகள் இரவு ஒன்பதரைக்கு அழைத்தாள். இரண்டு கால்களையும் விடுதிக் குப்பைத் தொட்டியில் நிரப்பிய பனிக்கட்டித் தண்ணீரில் வைத்துக்கொண்டு, தான் இந்த அணிக்கு லாயக்கில்லை என்றாள். நான் எதையோ சொல்லித் தேற்ற முயன்றேன். பக்கத்தில் இருந்த அவள் அப்பா போனை வாங்கி, இரவு என்ன சாப்பிட்டாய் என்று கேட்டார். பாதி சாப்பிட்டதாகச் சொன்னாள். மீதியை இப்போதே சாப்பிட்டுவிட்டு அழைக்கச் சொன்னார். இருபது நிமிடத்தில் மீண்டும் அழைத்தபோது அழுகை இல்லை, அறைத்தோழியின் சிரிப்புச் சத்தம் கேட்டது, மறுநாள் காலை ஏழு மணிக்கு மைதானத்தில் இருக்க வேண்டும் என்ற செய்தி இப்போதுதான் வந்தது என்று சொல்லி உடனே வைத்துவிட்டாள்.